புரோகிதரல்லாதார் நடத்தும் விவாகம்

சென்ற தை மாதத்தில் எம் பள்ளித் தோழர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்து, தம் விவாகத்தை யாமே முன்னின்று நடத்தித் தரல் வேண்டுமெனக் கேட்டனர். நாற்பது வயதைக் கடந்து இல்லறத்திற்குட் புகும் அவர்க்கு ஆடம்பரத்தில் விருப்பமில்லை, மந்திரத்திலும் விருப்பமில்லை. மணமகளாரும் அதற்கு உடன்பட்டிருந்தனர். யாமோ வேதம் ஓதியவர் அல்லேம். மடத்தில் தீக்கை பெற்றவரும் அல்லேம். கணக்கு எழுதியும் பயிர் செய்தும் காலங்கழிப்பவரேம். "எமக்கு என்ன தகுதி உண்டு?" என்று வினவினோம். தோழர் நகைத்து, "முப்பது வருஷம் பழகியதே தகுதி" என்றனர்.

யாம் இசைந்துவிட்டோம். ஆனால் மறுநாளே தோழரின் தாயார், எழுபத்தேழு வயது நிரம்பிய அம்மையார், எம்மை ஆளனுப்பி அழைத்தனர். திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்தபின் அவர் கேட்ட கேள்வி ஒன்றே. "ஏங்கண்ணு, நீ நடத்தி வெக்கிற கலியாணம் செல்லுமா? நாளைக்குக் கோர்ட்டுல நிக்குமா?" என்றனர். "செல்லுமுங்க அம்மா" என்று உடனே கூறிவிட்டோம். கூறிய பின்னர்த்தான், அவ்விடையைச் சொல்லுதற்கு வேண்டிய அறிவு எம்மிடம் இல்லையென்பது எமக்கே தெரிந்தது. அம்மையார் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதனைப் பின்னர் எடுத்துரைப்போம். அவர்க்கு நேர்மையாக விடையிறுத்தற்பொருட்டு யாம் சில மாதங்கள் படித்தறிந்தவற்றை, நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு வரைகின்றோம்.

முதலில், விவாகம் என்றாலே புரோகிதர் என்னும் எண்ணம் நம் நாட்டிற்கு எத்துணைப் பழையது என்பதை ஆராய்தல் வேண்டும். தொல்காப்பியப் பொருளதிகாரத்துக் கற்பியல், கரணத்தொடு பொருந்திக் கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்ளுதலையே கற்பெனக் கூறித் தொடங்குகின்றது. கொடுப்போர் இல்லாமலும், தலைவனும் தலைவியும் உடன்போய காலத்தில் கரணம் உண்டு என்பதையும் அது ஒப்புகின்றது. பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது அந்நூல் கூறும் காரணமாகும். அவ்விடத்து வரும் 'ஐயர்' என்னும் சொல் எவரைக் குறிக்கும் என்பதில் உரையாசிரியர்க்கும் பிற்காலத்துப் புலவர்க்கும் பூசல் உண்டு. அப்பூசலுள் யாம் புகவில்லை. எம் கண்ணில் பட்டது அக்காரணமே. ஒருவன் ஒருத்தியை ஏற்றுப் பின் 'இவளை அறியேன்' என்று மறுத்தலைத் தடுத்தற்கே பலரறி மணம் எழுந்தது என்பது அதன் கருத்து. அம்மையாரின் கேள்வியும் அதுவேயன்றோ?

அகநானூற்றில் இரண்டு பாட்டுக்கள் மணநிகழ்ச்சியை நேரிற் கண்டாற்போல் காட்டுகின்றன. எண்பத்தாறாம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. உழுந்து கலந்த சோற்று விருந்து நடக்கின்றது. பந்தரின்கீழ் புதுமணல் பரப்பி விளக்கேற்றி மாலை தொங்கவிடுகின்றனர். திங்களை உரோகிணி கூடிய விடியற்காலத்தில், முதுபெண்டிர் தலையிற் குடமும் கையிற் கலமும் ஏந்தி வரிசையாக எடுத்துத் தருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரை மணமகளின் தலையிற் சொரிந்து வாழ்த்துகின்றனர். அதன் பின்னர்ச் சுற்றத்தார் ஆரவாரித்து வந்து, பெரிய மனைக்கு உரியவளாகுக என்று சொல்லி அவளைக் கொடுக்கின்றனர். நூற்றுமுப்பத்தாறாம் பாட்டு விற்றூற்று மூதெயினனார் பாடியது. அதில் இறைச்சியும் நெய்ச்சோறும் பெரியோர்க்குப் படைத்த செய்தியும் உண்டு. அதனை நம் சைவ நேயர்கள் பொறுத்தருள்க. இவ்விரண்டிலும் தீ வளர்த்தலும் இல்லை. மந்திரம் ஓதுவாரும் இல்லை. மணத்தை நடத்துவோர் உறவினரும் மூதாட்டியருமே. அதிலும் முதற்பாட்டில் சடங்கின் முதன்மை முழுவதும் பெண்டிர் கையிலேயே இருக்கின்றது என்பது கருதற்பாலது.

சிலப்பதிகாரத்திற்கு வரும்போது காட்சி மாறிவிடுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் கோவலனும் கண்ணகியும் முதுபார்ப்பான் மறைவழி காட்டத் தீயை வலம்வருகின்றனர். ஆகவே புரோகித மணமும் நம் நாட்டில் மிகப் பழையதே. அதனை நேற்று வந்ததென இகழ்வார் வரலாறு அறியாதாராவர். இருவகையும் இங்கே நெடுங்காலம் அருகருகே நடந்து வந்தன என்பதே உண்மை.

நம் கொங்குநாட்டிற்கு இதனைச் சான்றுகொண்டு நிறுவ வேண்டுவதில்லை. கொங்கு வேளாளர் மணங்களில் சீர்களை நடத்துபவர் அருமைக்காரர். அவர் புரோகித குலத்தவர் அல்லர். நம்மைப்போல் ஏர் உழுபவர், மணமாகி இல்லறம் நடத்துபவர், அதற்குரிய சீரைச் செய்துகொண்டு அவ்வுரிமை பெற்றவர். பெண்டிர் பக்கத்துச் சீர்களை அருமைக்காரி நடத்துவர். உப்புச் சர்க்கரை மாற்றுதல் முதல், முகூர்த்தக்கால் நடுதல், நாட்டுக்கல் வழிபாடு, மணமகனின் உடன்பிறந்தாள் நிற்கும் இணைச்சீர் ஈறாக ஒவ்வொன்றிலும் 'அடுத்தது என்ன?' என்று அருமைக்காரரின் முகத்தையே யாவரும் நோக்குவர். வாழ்த்துப் பாடுபவர் குடிமகனாகிய நாவிதர். அவர் பாடும் மங்கல வாழ்த்தைக் கம்பர் இயற்றினாரென்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கம்பர் இயற்றியதாயினும் ஆகாவிடினும், அதனை மனப்பாடமாகப் பாடவல்லார் இன்று அருகிவிட்டனர் என்பது வருந்தத்தக்கது. எம் இளமையில், பாட்டின் நடுவே மேளம் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவதைக் கேட்கவே பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இக்காலத்தில் பல வீடுகளில் ஐயரும் வருகின்றார், அருமைக்காரரும் வருகின்றார். ஒலிபெருக்கி இருவரையும் மூழ்கடிக்கின்றது.

இந்த அருமைக்காரர் வழக்கம் பின்வரும் சட்டச் செய்திக்கு இன்றியமையாதது. அதனை நேயர்கள் மனத்திற் கொள்க.

பிற நாட்டு வழக்கங்களையும் ஒரு சிறிது நோக்குதல் தகும். இசுலாமியரின் நிக்காஹ், சாட்சிகளின் முன்னிலையில் ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்கும் உடன்படிக்கையாகும். காஜியார் வந்து ஓதுவது வழக்கமேயன்றி, குருமார் ஒருவர் இன்றி நிக்காஹ் நிறைவேறாது என்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையிற்கூட, மணமக்களே ஒருவர்க்கொருவர் அத்திருவருட்சாதனத்தை வழங்குவோர் என்பது மேனாட்டு மரபு. குருவும் சாட்சிகளும் இருந்தாலன்றி மணம் செல்லாது என்று திரெந்து நகரத்துச் சங்கம் விதித்தது 1563-ஆம் வருஷத்திலேதான். இரகசிய மணங்கள் மலிந்து, பெண்கள் கைவிடப்பட்டமையே அதற்குக் காரணம். இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் நண்பர் சபையார்க்குக் குருமாரே இல்லை. சபை கூடி மௌனமாக அமர்ந்திருக்க, மணமக்கள் தாமே எழுந்து உறுதி கூறுவர். 1753-ஆம் வருஷத்து ஆங்கில விவாகச் சட்டம், மற்றையோர் யாவரும் திருச்சபைக் கோவிலிலேயே மணம் செய்தல் வேண்டுமென்று கட்டாயப்படுத்திய காலத்தும், குவேக்கருக்கும் யூதருக்கும் விலக்களித்தது.

இக்காலத்து அமெரிக்காவில் நண்பரைக்கொண்டு மணம் நடத்துவித்தல் பெருவழக்காகி வருகின்றது. அங்கே சட்டம் நடத்துபவரின் கையொப்பத்தைக் கேட்பதால், கலிபோர்னியா மாகாணத்து மொடெஸ்டோ நகரில் தோன்றிய ஒரு சபை, கேட்டவர்க்கெல்லாம் தபால் மூலமே குருப்பட்டம் வழங்கத் தொடங்கிற்று. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் கவர்னரே ஒருவர்க்கு ஒரு நாளைக்கு மட்டும் மணம் நடத்தும் அதிகாரம் தருகின்றார். தபாலில் வரும் குருப்பட்டம் எமக்கு நகைப்பை விளைத்தது; ஒரு நாள் அதிகாரம் மட்டும் நல்ல ஏற்பாடாகவே தோன்றுகின்றது.

நம் தேசத்தில் புரோகிதரை வேண்டுமென்றே விலக்கி மணம் செய்தோருள் முதலில் கூறத்தக்கவர் புனாவில் ஜோதிராவ் பூலே 1873-ஆம் வருஷம் செப்டம்பர் 24-ல் நிறுவிய சத்திய சோதக சமாஜத்தார். அவ்வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதியே அம்முறையில் முதல் மணம் நடந்தது. மணமக்கள் தாமே உறுதிமொழி கூறினர். பூலேயின் மனைவியார் சாவித்திரிபாய் முன்னின்று வேண்டுவன செய்தார். இதற்குச் சிறிது முன்னர் வங்காளத்தில் கேசவ சந்திர சேனர் முதலிய பிரம சமாஜத்தாரின் முயற்சியால் 1872-ஆம் வருஷத்து மூன்றாவது சட்டம் பிறந்தது. அதன்படி ரிஜிஸ்திராரும் மூன்று சாட்சிகளும் இருந்தாற் போதும். ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. மணமக்கள் தாம் இந்து, இசுலாம், கிறிஸ்தவம், பௌத்தம் முதலிய மதங்களுள் எதனையும் சார்ந்தவர் அல்லர் என்று எழுதிக் கொடுத்தல் வேண்டும். புரோகிதரை மட்டும் விலக்க விரும்பியவன் தன் மதத்தையே விட்டேன் என்று சொல்ல நேர்ந்தது. 1923-ல் இது ஒருவாறு திருத்தப்பட்டது. 1954-ஆம் வருஷத்துச் சிறப்பு விவாகச் சட்டம் வந்தபின் அந்த முள் முற்றும் நீங்கிற்று.

தமிழ்நாட்டில் இம்முறை ஓர் இயக்கமாகப் பரவியது 1928-ஆம் வருஷம் முதற்கொண்டு. அவ்வருஷம் மே மாதம் 28-ஆம் தேதி, அருப்புக்கோட்டைக்கு அணித்தாகிய சுக்கிலநத்தம் கிராமத்தில், ஈ. வெ. இராமசாமிப் பெரியார் தலைமையில் நடந்ததே முதற் சுயமரியாதை விவாகம் என்பர். அடுத்த வருஷம் பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய மாகாண மகாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1929 டிசம்பரில் ஈரோட்டில் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் செய்துகொண்ட ஜாதி கடந்த மணம் பெரிதும் பேசப்பட்டது. 'குடி அரசு' இத்தகைய மணச் செய்திகளை இடைவிடாது வெளியிட்டு வந்தது.

இம்மணங்களின் அமைப்பு நம் முதியோர் பலர்க்கு நினைவிருக்கும். அக்கினி இல்லை, அம்மி மிதித்தல் இல்லை, நல்ல நேரம் பார்ப்பதில்லை, சிலர் இராகு காலத்தையே தேடி வைத்தனர். தலைவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து மணமக்களை உறுதிமொழி கூறுவிப்பார், மாலை மாற்றுவர், தாலி சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. பின்னர்ப் பிரசங்கங்கள். இப்பிரசங்கங்கள் அளவிறந்து நீண்டமையையும், பசித்த குழந்தைகள் அழுதமையையும் அவ்வியக்கத்தாரே ஒப்புக்கொள்வர். அருமைக்காரரும் வேண்டா என்று அவர்கள் விலக்கினர். மந்திரத்திற்கு ஏற்ற வாதம் சீருக்கும் ஏற்கும் என்பது அவர்கள் கொள்கை.

இனி, அம்மையாரின் கதைக்கு வருவோம். அவரைப் பெற்றவர்கள் 1946-ஆம் வருஷத்தில் இம்முறையில் மணந்தவர்கள். எம் தோழரின் அப்புச்சி இளமையில் அவ்வியக்கத்தில் ஈடுபட்டவர். ஐயரும் வேண்டா, அருமைக்காரரும் வேண்டா என்று, தம் நண்பராகிய பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தலைமை தாங்கச் செய்து, ஊர்ச் சாவடியில் மணம் புரிந்தார். அச்சடித்த அழைப்பிதழ் ஒன்று இன்றும் இருக்கின்றது. மஞ்சள் பூசவில்லை என்று உறவினர் சினந்தனராம். பதின்மூன்று வருஷம் நல்ல இல்லறம். பெண்மகவு ஒன்றே. 1959-ல் அவர் காய்ச்சலில் இறந்தார்.

கருமாதி முடிந்த மாதத்திலேயே பங்காளிகள் பாகத்தைப் பற்றிப் பேசலாயினர். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து மூன்று வருஷமாயிற்று. அதன்படி மனைவியும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆனால் மனைவி என்பவள் சட்டப்படி மனைவியாதல் வேண்டுமன்றோ? "சாவடியில் மாலை மாற்றியது கலியாணமா?" என்று கேட்டனர். பன்னிரண்டு வருஷம் ஒரே களத்தில் நெல் தூற்றியவர்களும், அவ்வம்மாயி சமைத்த சோற்றை உண்டவர்களுமே அவ்வாறு கேட்டனர்.

அவர்கள் கேட்டதற்குச் சட்டம் துணையிருந்தது என்பதே கொடுமை. சுயமரியாதை முறையில் நடந்த விவாகம் ஒன்றைப் பற்றிச் சென்னை ஹைக்கோர்ட்டு கூறிய தீர்ப்பு 1954-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதிகளில் வெளிவந்திருந்தது. தெய்வானை ஆச்சி வழக்கு என்பர். இந்து விவாகத்திற்குச் சாஸ்திரச் சடங்கு வேண்டும். அன்றேல், அச்சமூகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கமான சடங்கு வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சிலர் கூடி ஏற்படுத்திக்கொண்ட முறை வழக்கம் ஆகாது என்பது அதன் சாரம். 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் ஏழாம் பிரிவும் இதனையே தழுவியது. மணமக்கள் இருவருள் ஒருவரது வழக்கச் சடங்கின்படி நடந்தாற் போதும் என்றது. சப்தபதி அவ்வழக்கத்தில் அடங்கியிருந்தால் ஏழாம் அடியில் மணம் முற்றுப்பெறும் என்றது.

இங்கேதான் யாம் முற்கூறிய அருமைக்காரரை நேயர்கள் நினைத்தல் வேண்டும். அருமைக்காரர் நடத்திய மணத்தில் பார்ப்பனப் புரோகிதர் இல்லாமையால் குறைவொன்றும் இல்லை; அது நெடுங்கால வழக்கம் ஆதலால் சட்டம் தலைவணங்கும். பள்ளி ஆசிரியர் நடத்திய மணத்திலும் பார்ப்பனப் புரோகிதர் இல்லை. ஆனால் அதற்குப் பின்னே வழக்கமும் இல்லை. இருவரும் குருமார் அல்லர், இருவரும் உழவர் குடியிற் பிறந்தோர். ஒருவர் நடத்தியதில் மனைவி மனைவியாகின்றாள், மற்றொருவர் நடத்தியதில் ஆகின்றிலள். எம் தோழரின் அப்புச்சி அருமைக்காரரை மட்டும் அழைத்திருந்தால் அவர் மகள் நிலம் இழந்திரார். கொள்கை அவருடையது, விலை கொடுத்தவர் அவர் மனைவியும் மகளும். இதனை யாம் அவரை இகழ்தற்காகச் சொல்லவில்லை. எனினும் சொல்லாது விடவும் மனம் இசையவில்லை.

வழக்குத் தொடுக்கப் பொருளில்லை. தலைமை தாங்கிய ஆசிரியரோ வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஜீவனாம்சமாக ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு கொடுப்பதென முடிவுசெய்தனர். 1960-ல் அவ்வம்மாயி விடுதலைப் பத்திரத்தில் கைந்நாட்டு வைத்தார். அதில் அவர் 'மனைவி' என்று எழுதப்படவில்லை. இன்னாருடைய மகள் என்று தந்தை பெயரோடு மட்டுமே எழுதப்பட்டிருந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அருகில் நின்று அதனைக் கண்டவரே எம்மைத் திண்ணையில் அமர்த்திக் கேள்வி கேட்ட அம்மையார்.

அதற்கு ஏழு வருஷங்களின் பின்னர், சி. என். அண்ணாதுரை முதன்மந்திரியாயிருந்த காலத்தில், சென்னைச் சட்டசபை 1967-ஆம் வருஷத்து 21-ஆவது சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று அது 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. இந்து விவாகச் சட்டத்தில் '7-ஏ' என்னும் புதிய பிரிவை அது சேர்த்தது. இரண்டு இந்துக்கள், உறவினர் அல்லது நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குப் புரியும் எந்த மொழியிலேனும் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகக் கூறுதல்; அல்லது ஒருவர்க்கொருவர் மாலையிடுதல் அல்லது விரலில் மோதிரம் இடுதல்; அல்லது தாலி கட்டுதல்: இவற்றுள் ஒன்று நிகழ்ந்தாற் போதும், விவாகம் செல்லும். சட்டம் வருவதற்கு முன்னர் இவ்வாறு நடந்தவையும் நடந்த நாள்முதலே செல்லும் எனவும் அது விதித்தது.

இச்சட்டத்தை யாம் மூன்று முறை படித்தோம். எம்மைத் திகைக்க வைத்த செய்தி யாதெனில், தலைமை தாங்குபவர் என்று ஒருவர் அதில் எங்குமே இல்லை என்பதாகும். அமெரிக்காவில் மணம் நடத்துபவர்க்கு ஓர் அதிகாரம் வேண்டும். அதற்காகவே தபாற் குருமார் தோன்றினர். இங்கே மணத்தைச் செய்பவர்கள் மணமக்கள் இருவரே. மற்றையோர் முன்னிலையில் இருப்பவர் மட்டுமே. 'நண்பர்' என்னும் சொல் சட்டத்திலேயே இருக்கின்றது. ஆனால் அவர்க்குப் பார்த்திருப்பதும் நினைவில் வைத்திருப்பதுமே வேலை. எமக்கு என்ன தகுதி உண்டு என்று தோழரைக் கேட்டோமன்றோ? சட்டம் எம்மிடம் தகுதி எதனையும் கேட்கவில்லை.

இச்சட்டத்தின் பின்னும் வழக்குகள் நின்றபாடில்லை. மனைவி உயிரோடிருக்க வேறொருத்தியை மணந்த ஒருவர், இரண்டாம் மணத்தில் ஏழடி நடக்கவில்லை, ஆதலால் அது மணமன்று, தாம் குற்றவாளியும் அல்லர் என்று வாதித்தார். சுப்ரீம் கோர்ட்டு 2001-ஆம் வருஷத்தில் அவ்வாதத்தைத் தள்ளி, 7-ஏ பிரிவின்படி சப்தபதி இன்றியே மணம் முற்றுப்பெறும் என்றது. முதல் மனைவியின் கண்ணீரை அச்சிறு பிரிவு துடைத்தது. பெண்ணைக் கைவிடுவதற்கு அகப்பட்ட வழியே அவனை அகப்படுத்தும் வலையுமாயிற்று. பின்னர், வக்கீல்களின் அறையில் இரகசியமாக நடக்கும் மணங்கள் செல்லா என்று சென்னை ஹைக்கோர்ட்டு 2014-ல் கூறியதை, 2023 ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு மாற்றிற்று. பலரறிய அறிவித்தல் இப்பிரிவுக்கு இன்றியமையாதது அன்று. குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சுவோர்க்கு அஃது உயிருக்கே இடராகும் என்பது அதன் கருத்து. வக்கீலும் நண்பர் என்ற நிலையில் முன்னிலையில் இருக்கலாம் என்றது. பெற்றோர் சிலர் இத்தீர்ப்பை வெறுப்பர் என்பதை அறிவோம். எனினும் உடன்போக்கில் கொடுப்போரின்றியும் கரணம் உண்டென்று தொல்காப்பியம் ஒப்பியதை முன்னரே கூறினோம்.

இப்பிரிவு இருவரும் இந்துவாயிருந்தால் மட்டுமே பொருந்தும். வேற்று மதத்தவரை மணப்போர் 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். மற்றும், தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி எம்மதத்தார் விவாகமாயினும் தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்தல் கட்டாயம். இதனைப் பலர் வெளிநாட்டுப் பிரயாணத்திற்கு மட்டுமே வேண்டுவதென எண்ணிப் புறக்கணிக்கின்றனர். மணத்தை நடத்தியவர் யாவராயினும், அப்பத்திரத்தைக் கையில் வாங்காது ஒருவரும் இருத்தல் கூடாது. எம் தோழரின் அம்மாயியிடம் அத்தகைய பத்திரம் ஒன்று இருந்திருந்தால் என்று பலகால் எண்ணினோம்.

இவ்வளவும் அறிந்தபின் அம்மையாரிடம் சென்று, இம்முறை மனமறிந்து, "செல்லுமுங்க அம்மா" என்றோம். 1968-ஆம் வருஷத்திலேயே அவர் பெற்றோரின் மணமும் சட்டப்படி செல்லுவதாயிற்று என்பதையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்ப எங்கம்மா பொண்டாட்டிதானுங்கண்ணு?" என்றனர். ஆம் என்றோம். நிலத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. விடுதலைப் பத்திரம் எழுதி அறுபத்தைந்து வருஷமாகிவிட்டது, அந்நிலமும் இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது.

விவாகம் தோழரின் வீட்டு முற்றத்தில் நடந்தது. யாம் புது வேட்டி உடுத்து, எழுதி வைத்த தாளைக் கையில் பிடித்து நின்றோம். கை நடுங்கியதை மறைத்தற்கில்லை. மணமக்கள் தமிழில் தத்தம் வாயாற் கூறினர், மாலை மாற்றினர், தாயாரின் விருப்பத்திற்கிணங்கத் தாலியும் கட்டினார். மூன்றுள் ஒன்று போதுமாயிருக்க மூன்றும் நிகழ்ந்தன. ஊர் அருமைக்காரரும் விருந்தினராக வந்திருந்தார். எம் பேச்சைச் சுருக்கமாக முடித்தமைக்கு அவர் எம்மைப் பாராட்டிவிட்டு, யாம் தட்டை இடக்கையில் வாங்கியதைக் கண்டித்தார். பன்னிரண்டாம் நாள் சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு முடிந்தது. சாட்சியாக யாமும் கையெழுத்திட்டோம். பத்திரத்தின் நகலொன்றைத் தமக்கும் வேண்டுமென அம்மையார் கேட்டு வாங்கி, 1946-ஆம் வருஷத்து அழைப்பிதழ் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினர்.